சுவரில் தொங்கிய ஓவியம்: திரைப்பட முன்னோட்டங்களும் பெண்ணை நோக்கும் முறையும்

திரைப்படங்களைக் கண்டிக்கவோ பாராட்டவோ நம் போதகர்கள் சில வேளைகளில் முன்வருவதுண்டு. ஆயின், அப்படங்களுக்கு மக்களை அழைத்துவரும் முன்னோட்டங்களைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துபோகும் விளம்பரந்தானே என்று அவற்றை விட்டுவிடுகிறோம். படத்தைப் பாராதவரும் முன்னோட்டத்தைப் பார்த்துவிடுகின்றனர் என்பதை மறந்துவிடுகிறோம். முன்பு திரையரங்குக்குச் சென்றவர்களே அதைக் கண்டனர். இன்றோ கைபேசி வழியாக அது நம் இல்லங்களுக்குள்ளேயே வந்து சேர்கிறது. எனவே, முன்னோட்டம் எவ்வாறு நம் கண்களை ஈர்க்கிறது, அதில் ஆணும் பெண்ணும் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பவற்றை ஆராய்வது திருப்பணியாளரின் கடமைகளுள் ஒன்று எனலாம்.

1. முன்னோட்டத்தின் தோற்றமும் முறையும்

நியூயார்க்கில் மார்க்கஸ் லோ என்பாரின் அரங்குகளுக்கு விளம்பரப் பணியாற்றிய நில்ஸ் கிரன்லண்ட், 1913ஆம் ஆண்டில் இசை நாடகம் ஒன்றுக்காக ஆயத்தம் செய்த சிறு படமே இவ்வகையில் முதலாவது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. தொடக்க காலத்தில் இவை படம் முடிந்தபின் காட்டப்பட்டன. ஆகவே 'பின்தொடர்வது' என்னும் பொருளில் டிரெய்லர் என்ற பெயரைப் பெற்றன. பிற்காலத்தில் இவை படத்துக்கு முன் காட்டப்பட்டபோதிலும் பெயர் மாறவில்லை.

முன்னோட்டம் கதையைச் சொல்வதில்லை. ஒரு வினாவை எழுப்பி, அதன் விடையை மறைத்து வைக்கிறது. அண்மைக் காட்சி, விரைந்து மாறும் காட்சித் துண்டுகள், இருளும் ஒளியும், திடீரென நின்றுபோகும் இசை, திரையை நிறைக்கும் எழுத்துகள் ஆகியன அதன் கருவிகள். இவற்றோடு பெண்ணின் முகமும் உடலும் கருவிகளாகச் சேர்க்கப்படுவதை நாம் கவனித்தல் வேண்டும். காதற்படத்தின் முன்னோட்டத்தில் அவள் காத்திருக்கிறாள், திகிற்படத்தில் அஞ்சுகிறாள், சண்டைப்படத்தில் மீட்கப்படுகிறாள். ஆண் செய்கிறான், பெண்ணுக்கு ஏதோ நேரிடுகிறது. விதிவிலக்குகள் உண்டெனினும் பெருவழக்கு இதுவே. லாரா மல்வி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரையில், ஹாலிவுட் படங்களில் நோக்குபவன் ஆணாகவும் நோக்கப்படுபவள் பெண்ணாகவும் அமைக்கப்பட்டிருப்பதை விளக்கினார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படங்களும் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் அடங்கும்.

2. 'சைக்கோ' முன்னோட்டம்

ஹிட்ச்காக் 1960இல் வெளியிட்ட 'சைக்கோ' படத்தின் முன்னோட்டம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. ஆறு நிமிடங்களுக்கும் மேற்பட்ட இதில் படத்தின் கதைக் காட்சிகள் இடம்பெறவில்லை. இயக்குநரே கறுப்பு உடையணிந்து, சுற்றுலா வழிகாட்டியைப் போலக் கொலை நடந்த விடுதியையும் அதனருகிலுள்ள வீட்டையும் நமக்குச் சுற்றிக் காட்டுகிறார். குரல் அமைதியானது, நடை நிதானமானது, பேச்சில் நகைச்சுவை கலந்துள்ளது. இறுதியில் அவர் குளியலறைக்குள் நுழைந்து, திரைச்சீலையைச் சட்டென விலக்குகிறார். ஒரு பெண்ணின் முகம் திரையை நிறைக்கிறது, அவள் அலறுகிறாள், படத்தின் பெயர் தோன்றுகிறது.

இங்கு இரண்டு செய்திகளை நோக்குக. முதலாவது, ஆறு நிமிடங்களும் பேசுபவர் ஓர் ஆண். அவர் எல்லாம் அறிந்தவர், முழு உடையணிந்தவர். பெண்ணுக்கோ ஒரு சொல்லும் இல்லை, அலறல் மட்டுமே உண்டு. இரண்டாவது, அலறுபவர் படத்தில் குளியலறையில் கொல்லப்படும் பெண்ணாக நடித்த ஜேனட் லீ அல்லர். அவருடைய சகோதரியாக நடித்த வேரா மைல்ஸ் பொய்முடி அணிந்து அவ்விடத்தில் நிற்கிறார். பார்த்தவர்களுள் மிகப் பலர் இவ்வேறுபாட்டை உணரவில்லை. விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது அலறும் ஒரு பெண்முகம். அது யாருடைய முகம் என்பது பொருட்டன்று.

3. சூசன்னாளின் ஓவியம்

விடுதியின் உள்ளறையில் ஹிட்ச்காக் சுவரிலுள்ள ஓவியம் ஒன்றைச் சுட்டி, அது மிக முக்கியமானது என்று தொடங்கிக் காரணத்தைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறார். படத்தைப் பார்ப்போருக்கே அக்காரணம் விளங்கும். அவ்வோவியத்தின் பின்னால் சுவரில் ஒரு துளை உண்டு. அடுத்த அறையில் உடைகளையும் பெண்ணை விடுதிக்காரன் அத்துளை வழியே ஒளிந்து பார்க்கிறான்.

அந்த ஓவியத்தின் பொருள் சூசன்னாளும் மூப்பர்களும். தள்ளுபடி ஆகமங்களில் தானியேலோடு இணைந்த பகுதியாக வரும் இவ்வரலாற்றை மாணவர் அறிவர். நியாயாதிபதிகளான இரு மூப்பர்கள் தோட்டத்தில் நீராட வந்த சூசன்னாளை ஒளிந்திருந்து நோக்குகின்றனர். தங்கள் இச்சைக்கு இணங்காத அவள்மீது பொய்க்குற்றம் சாட்டுகின்றனர். தானியேல் அவர்களைத் தனித்தனியே விசாரித்துப் பொய்யை வெளிப்படுத்துகிறான். அம்மூப்பர்கள் வானத்தை நோக்காதபடி தங்கள் கண்களைத் திருப்பிக்கொண்டனர் என்று அந்நூல் கூறுவது ஆழ்ந்த கருத்துடையது. பெண்ணைப் பொருளாக நோக்குதலும் கடவுளை நோக்காமையும் அங்கே ஒரே செயலின் இரு பக்கங்களாகின்றன.

இக்கதை மூப்பர்களைக் கண்டிக்கவே எழுதப்பட்டது. ஆயினும் ஐரோப்பிய ஓவியர் பலர் இதைப் பெண்ணின் உடலைக் காட்டும் வாய்ப்பாக்கிக்கொண்டனர். காண்போர் மூப்பர்களின் இடத்திலேயே நிறுத்தப்பட்டனர். 1610இல் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்னும் இளம்பெண் தீட்டிய ஓவியமோ வேறுபட்டது. அதில் சூசன்னாள் முகத்தைத் திருப்பி, கைகளை உயர்த்தி, அருவருப்போடு விலகுகிறாள். அவளுடைய துன்பத்தைக் காணாமல் அவளுடைய உடலைக் காண நம்மால் இயலாது. ஆகவே குறை கதையில் இல்லை, நோக்கில் உள்ளது. 'சைக்கோ' படமும் ஒளிந்து பார்ப்பவனின் கொடுமையைக் காட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதன் முன்னோட்டம், நாமும் வந்து எட்டிப்பார்க்கும்படி நம்மை அழைக்கிறது.

4. திருமறையும் நம் பிரசங்கமும்

இக்குறையைத் திரைத்துறையின் குறை என்று மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. இக்கட்டுரையாளன் பல ஆண்டுகள் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்தபோதெல்லாம், பத்சேபாள் பிறர் காணும் இடத்தில் குளித்தது ஏன் என்று கேட்டதுண்டு. ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் சபையின் மூதாட்டி ஒருவர், "ஐயா, நாத்தான் சொன்ன கதையிலே அந்த ஆட்டுக்குட்டி செய்த பிழை என்ன?" என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. வேதபகுதியை மீண்டும் வாசித்தபோது, உப்பரிகையில் உலாவியவனும், நோக்கியவனும், ஆளனுப்பியவனும் தாவீதே என்பது தெளிவாயிற்று. அவள் உப்பரிகையில் குளித்தாள் என்று வசனம் கூறவில்லை. நாத்தான் அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அவளைக் காட்சிப்பொருளாக்கியது என் பிரசங்கமே.

அப்படியாயின், முன்னோட்டங்களைப் பார்க்கலாகாது என்று விலக்கிவிட்டால் போதுமா? அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிக் கூறுகிறார். வாட்போர் அரங்குக்கு வற்புறுத்தி அழைத்துச் செல்லப்பட்ட அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டதும் கண் திறந்தார். அக்கணமே அதற்கு அடிமையானார். மூடிய கண் மட்டும் போதாது. பயிற்றப்பட்ட கண் வேண்டும்.

வாலிபர் கூட்டங்களில் ஒரு முன்னோட்டத்தை இருமுறை காட்டி, இரண்டாம் முறை ஒலியின்றிக் காட்டுவது பயனுள்ள பயிற்சியாகும். பேசுபவர் யார்? செயற்படுபவர் யார்? நோக்கப்படுவதற்கு மட்டும் நிறுத்தப்பட்டிருப்பவர் யார்? அவருக்குப் பெயர் உண்டா? அவரிடத்தில் வேறொருவரை வைத்தால் வேறுபாடு தெரியுமா? இவ்வினாக்கள் இளைஞரின் கண்களைத் திறக்கும். இவற்றையே நம் கிறிஸ்து பிறப்பு நாடகங்களுக்கும், கன்வென்ஷன் சுவரொட்டிகளுக்கும், பிரசங்கங்களுக்கும் கேட்டுப்பார்த்தல் நலம்.

லூக்கா 7ஆம் அதிகாரத்தில் பரிசேயனான சீமோன் தன் வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்கிறான். இப்படிப்பட்டவள் என்று ஒரு வகையில் அவளை அடக்கிவிடுகிறான். நம் ஆண்டவரோ அவள் பக்கமாகத் திரும்பி, அவளைப் பார்க்கும்படி சீமோனுக்குச் சுட்டிக்காட்டி, அவளுடைய கண்ணீரையும் தைலத்தையும் அன்பையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அவள் வேறொருவரால் ஈடுசெய்யப்படக்கூடியவள் அல்லள். கடவுள் ஆணும் பெண்ணுமாகத் தமது சாயலில் படைத்த மனிதரை அவ்வண்ணம் நோக்கக் கற்பதும் கற்பிப்பதும் நம் அழைப்பின் பகுதியாகும்.