கை போகும் வழியில் சிரங்கு

மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. மறுநாள் அது நீர்கோத்த கொப்புளமாகிறது, சொறிந்ததும் உடைகிறது. கசிந்த நீர் காய்ந்து, வெல்லப்பாகு உறைந்ததுபோல மஞ்சள் பழுப்பில் பொருக்குத் தட்டுகிறது. நான்கைந்து நாளில் கன்னத்தில் இரண்டு, முழங்கையில் ஒன்று. கொஞ்ச நாள் கழித்துத் தம்பிக்கும் வந்துவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்கள் "மாம்பழமாத் தின்னான், உடம்புச் சூடு" என்பார்கள். வேறு சிலர் அக்கி என்று முடிவுகட்டி, காவி பூசி எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். மருத்துவர்கள் இதை இம்பெட்டிகோ என்கிறார்கள். நம் ஊரில் சிரங்கு என்ற பொதுப்பெயருக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. இது பாக்டீரியாவால் வரும் தோல் தொற்று. இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்க்கலாம்.

மாம்பழத்தின் மேல் பழி போடுவதில் ஒரு பாதி நியாயம் உண்டு. வெயிலும் புழுக்கமுமான மாதங்களில் இந்தத் தொற்று கூடுவது உண்மைதான். ஆனால் காரணம் பழம் இல்லை. வியர்க்குரு, கொசுக்கடி, மேல்சட்டை இல்லாமல் புழுதியில் விளையாடி வாங்கிய சிராய்ப்பு என்று அந்தக் காலத்தில் பிள்ளைகளின் தோல் பத்து இடத்தில் கீறிக் கிடக்கும். கிருமிக்கு அது போதும்.

கிருமிகள் இரண்டு. ஒன்று ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-களில், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அடையாளம் கண்ட கூட்டத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவரின் மூக்குக்குள் இது ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. நீங்களும் நானும் அந்த ஒருவராக இருக்கலாம். மற்றது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், தொண்டைப்புண்ணுக்குக் காரணமான அதே இனம்.

இவை ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு எந்த வழியில் போகின்றன? இதை மிகப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆய்வாளர்கள். அங்கே ரெட் லேக் என்ற பூர்வகுடிகளின் பகுதியில் கோடை வந்தால் பிள்ளைகளிடம் இந்தப் புண் பரவும். லூயிஸ் வன்னமேக்கரும் அவருடைய சகாக்களும் அந்தப் பிள்ளைகளின் மூக்கு, தொண்டை, புண், புண்ணே இல்லாத நல்ல தோல் என எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதித்தார்கள். 1972-ல் வெளியான அந்த ஆய்வில் சுவாரசியமான ஒரு வரிசை தெரிந்தது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலில் வந்து உட்கார்ந்தது நல்ல தோலில். புண் வந்தது சராசரியாகப் பத்து நாள் கழித்து. மூக்கிலும் தொண்டையிலும் அது தென்பட்டது அதற்கும் பிறகுதான். ஸ்டஃபிலோகாக்கஸ் போன வழி நேர்மாறு: முதலில் மூக்கு, பிறகு நல்ல தோல், கடைசியில் புண்.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயம் புரிகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெரும்பாலும் அடுத்தவர் புண்ணிலிருந்து நம் தோலுக்கு வருகிறது. ஒரே பாயில் படுப்பது, கட்டிப் புரண்டு விளையாடுவது, ஒரே துண்டில் துடைப்பது எல்லாம் அதற்கு வழி. ஸ்டஃபிலோகாக்கஸ் பலருக்குச் சொந்த மூக்கிலிருந்தே விரல் வழியாகத் தோலுக்கு வந்துசேருகிறது. சளி ஒழுகும் பிள்ளைக்கு மூக்கடியில் முதல் புண் வருவது தற்செயல் இல்லை. புறங்கையால் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் புண்ணாகியிருக்கும், கிருமியும் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் பத்து நாளைக் கொஞ்சம் கவனியுங்கள். அத்தனை நாளும் கிருமி தோலின் மேல் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முழுசான தோல் அவ்வளவு நல்ல காவல். கொசு கடித்து, நகம் பட்டு, மேல்தோல் பிய்ந்த பிறகுதான் உள்ளே இறங்குகிறது. யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் பிடிபடாமல் போவதும் இதனால்தான். போன வாரத்துக்கு முந்தின வாரம் கல்யாண வீட்டில் யாரோடு விளையாடினான் என்று யாருக்கு நினைவிருக்கும்?

தோலைக் கிழித்துவிடுவதில் கொசுவை மிஞ்சக்கூடியது சொறிப்பூச்சி. ராத்திரி முழுக்க அரிக்கும், பிள்ளை தூக்கத்திலேயே சொறியும், நகக்கண்ணில் உள்ள கிருமி கீறலுக்குள் போகும். சொறி, சிரங்கு இரண்டையும் நம் ஆட்கள் சேர்த்தே சொல்லிப் பழகியது சும்மா இல்லை. ஃபிஜி தீவுகளில் 2012, 2013-ல் நடந்த ஓர் ஆய்வில், சொறிக்கான ஐவர்மெக்டின் மாத்திரையை அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊரில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் சொறி 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. கூடவே பாக்டீரியாப் புண்ணும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அந்த மாத்திரை இந்தப் பாக்டீரியாவுக்கான மருந்தே இல்லை. அரிப்பு நின்றது, சொறிவது நின்றது, புண்ணும் குறைந்தது.

சின்னப் பிள்ளைகள், நெருக்கடியான வீடு, ஏழ்மை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2003-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) அணியில், கோடிகளில் சம்பளம் வாங்கும் 58 வீரர்களில் ஐந்து பேருக்கு எட்டு முறை சீழ்க்கட்டி வந்தது. வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் அது. எல்லாக் கட்டிகளும் செயற்கைப் புல்லில் விழுந்து சிராய்த்த இடங்களில்தான். விசாரித்தபோது, ஒரே துண்டை மூன்று பேர் வரை பயன்படுத்தியது தெரிந்தது. குளிக்காமலே பொதுத்தொட்டியில் இறங்கியிருக்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப்போடும் ஊழியர்களுக்குப் பக்கத்தில் கைகழுவ வசதி இல்லை. ஆக, ஆளின் அந்தஸ்தில் ஒன்றும் இல்லை. உரசும் தோல், சிராய்ப்பு, பலர் கைபட்ட பொருள் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் ஜிம், விடுதி, கபடிக்களம், அங்கன்வாடி எல்லாம் ஒன்றுதான். "சுத்தம் இல்லாத வீட்டுப் பிள்ளை" என்று வகுப்பில் ஒதுக்கி உட்காரவைப்பது அநியாயம்.

தடுப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. புண் உள்ள பிள்ளைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை. அவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இதுதான் முக்கியம். புண்ணைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஈரம் ஒற்றி, துணியால் மூடுங்கள். மருந்து போட்டவர் உடனே கை கழுவ வேண்டும், வீட்டில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அதற்குள் வீட்டில் இரண்டு பேருக்குப் பரவியிருக்கும்.

ஒன்றிரண்டு புண் என்றால் மியூபிரோசின் போன்ற களிம்பை மருத்துவர் எழுதுவார். பல இடத்தில் இருந்தால், காய்ச்சல் இருந்தால், உள்ளுக்கு ஆன்டிபயாடிக் தருவார். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் தொற்றும் நிலை தணிந்துவிடும். பிறகு புண்ணை மூடிப் பள்ளிக்கு அனுப்பலாம். மருந்துக் கடையில் "ஏதாவது க்ரீம் கொடுங்க" என்று கேட்டு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படித் தரப்படும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு இரண்டு நாளில் மறையும், அடியில் தொற்று பரவிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் சில வகைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. 1970-களின் தொடக்கத்தில் டிரினிடாட் தீவில் சொறி பரவியபோது, அதில் இந்தக் கிருமி சேர்ந்து, பின்னாலேயே பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி வந்தது. புண் வந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, அது ஆறிய பிறகுகூட இது வரலாம். அந்த நாட்களில் பிள்ளை காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி எழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பழுப்பாகவோ சிவப்பாகவோ போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூன்று வாரத்துக்கு முன் சிரங்கு இருந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.