கதையும் பகடையும்: குழந்தைகளுக்கு ஒரு மேஜை விளையாட்டு

மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசியே ஒரு கதையை வளர்த்துக்கொண்டு போவது ‘ரோல் பிளேயிங் கேம்’. ஒருவர் கதை நடத்துநர். காடு, கோட்டை, வழியில் எதிர்ப்படுகிறவர்கள் என எல்லாவற்றையும் அவர் விவரிப்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அந்தச் செயல் பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் ஆக்கமாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. போர்க்கள விளையாட்டுகளிலிருந்து கிளைத்ததால் அதில் கணக்கும் அட்டவணையும் அதிகம். ஆரம்ப ஆட்டக்காரர்களுக்கென 1981இல் வந்த அதன் பெட்டிப் பதிப்பும் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கே என்றிருந்தது.

அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு, இருக்கும் விதிகளைச் சுருக்கித் தந்தால் போதாது. சொப்புச் சாமான் வைத்து ஆடும் நான்கு வயதுக் குழந்தைக்குப் பாவனை செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதற்குக் கடினமானவை மூன்று: நீண்ட வாசிப்பு, பெரிய எண்களின் கூட்டல், தன் முறை வரும்வரை காத்திருப்பது. இந்த மூன்றையும் குறைக்க வேண்டும். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று முடிவெடுக்கும் உரிமையில் மட்டும் கை வைக்கக் கூடாது.

முதல் வேலை பாத்திரத்தை உருவாக்குவது. ‘நோ தேங்க் யூ, ஈவில்!’ என்ற விளையாட்டில் ஒரு வாக்கியமே பாத்திரம். மிகச் சிறிய குழந்தைக்கு ஒரு பெயர்ச்சொல் போதும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை அதன் முன் ஓர் அடைமொழி சேர்க்கும். இன்னும் பெரிய பிள்ளை அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்பதையும் சேர்க்கும். அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் தத்தம் வயதுக்கேற்ற விதியோடு ஆட இது வழி செய்கிறது.

அடுத்தது பகடை. மார்ட்டின் லாயிட் எழுதிய ‘அமேசிங் டேல்ஸ்’ கூட்டலையே நீக்கிவிட்டது. குழந்தை தன் பாத்திரத்துக்கு நான்கு திறமைகளைச் சொல்லும். மிகச் சிறந்த திறமைக்குப் பன்னிரண்டு முகப் பகடை; அடுத்தடுத்தவற்றுக்குப் பத்து, எட்டு, ஆறு முகப் பகடைகள். எதை உருட்டினாலும் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. ஆறு முகப் பகடையில் மூன்றுக்கு இரண்டு முறையும், பன்னிரண்டு முகப் பகடையில் ஆறுக்கு ஐந்து முறையும் வெற்றி கிடைக்க வாய்ப்பு உண்டு. அடிக்கடி தோற்கும் குழந்தை ஆட்டத்திலிருந்து மனதை எடுத்துவிடும்; தோல்வியே இல்லையென்றால் பகடையை ஆவலோடு பார்க்கக் காரணம் இருக்காது. இந்தக் கணக்கு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

தோல்விக்குப் பின் என்ன நடக்கும் என்பதையும் விதியே சொல்ல வேண்டும். ‘பூட்டு திறக்கவில்லை’ என்று நிறுத்தினால் கதை அங்கேயே படுத்துவிடும். ‘பூட்டு திறக்கவில்லை, படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்கிறது’ என்றால் அடுத்த முடிவைக் குழந்தையே எடுக்கும். சாவுக்கும் மாற்று வேண்டும். 1984இல் வந்த ‘டூன்’ விளையாட்டு கார்ட்டூன் படங்களின் போக்கைப் பின்பற்றியது. அதில் பாத்திரம் சாகாது, விழுந்துவிடும். அதை ஆடுபவர் மூன்று நிமிடம் ஒதுங்கியிருந்து திரும்பலாம். ‘ஹீரோ கிட்ஸ்’ விளையாட்டிலும் அடிபட்டவர் மயங்கி விழுவாரே தவிர இறப்பதில்லை.

பயத்துக்கும் அளவு உண்டு. எது பிடிக்காது, எதைக் கண்டால் பயம் என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்களின் ஆட்டங்களில் பழக்கமான ‘எக்ஸ் கார்டு’ பிள்ளைகளுக்கும் பொருந்தும். மேஜை நடுவில் இருக்கும் அந்த அட்டையை யார் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கைவிட வேண்டும்.

விதிப்புத்தகத்தைப் படிக்கப்போவது பெரும்பாலும் குழந்தை அல்ல. இப்படியொரு விளையாட்டை அதற்கு முன் நடத்தியிராத அம்மாவோ அப்பாவோதான். ஆகவே, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் முடியும் மூன்று நான்கு காட்சிகள் கொண்ட ஆயத்தக் கதை ஒன்று புத்தகத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியும் ஒரு கேள்வியில் முடிய வேண்டும். வாயாடிப் பிள்ளையே ஆட்டத்தை எடுத்துக்கொள்ளாதபடி, அந்தக் கேள்வி மேஜையைச் சுற்றி வரிசையாக எல்லோரிடமும் போக வேண்டும்.

கடைசியாகச் சோதனை ஆட்டம். எழுதியவர் நடத்தினால் விட்டுப்போனதைத் தன் வாயால் நிரப்பிவிடுவார். ஆகவே புத்தகத்தை வேறொரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு, எழுதியவர் ஓரமாக உட்கார்ந்து பேசாமல் பார்க்க வேண்டும். நடத்துபவர் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார், பிள்ளைகள் எந்த இடத்தில் நாற்காலியை விட்டு இறங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டால், திருத்தி எழுத வேண்டிய இடங்கள் தெரிந்துவிடும்.