பிள்ளைவாள் எழுதிவைத்த புதுச்சேரி

1736 செப்டம்பரில் புதுச்சேரி வணிகர் ஒருவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனவர். போரும் அரசியலும் அந்த நாட்குறிப்பில் நிறைய உண்டு. ஆனால் ஊர் உயிரோடு தெரிவது மற்ற பக்கங்களில்தான்: துறைமுகத்துக்கு வந்த கப்பல், கோட்டையில் முழங்கிய பீரங்கி, துணி வியாபாரம், கல்யாண வரிசை, வழக்கு, தண்டனை, தெருவில் உலவிய வதந்தி. எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில்! 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோதும் எழுதினார். 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அந்தக் குறிப்புகள் நீள்கின்றன. கல்வெட்டுகளில் கிடைக்காத அன்றாட வாழ்க்கை இதில் கிடைக்கிறது. தமிழ் மூலமே பல தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. நூலகத்தில் கண்டால் அவசியம் எடுத்துப் படியுங்கள்.