எல்லை தாண்டிய கைவேலை

ஹங்கேரியை விட்டு 1956 இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் வெளியேறியவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். அன்றைய மக்கள்தொகை ஒரு கோடியைத் தொடவில்லை. ஆக, ஐம்பது பேரில் ஒருவர் சொந்த மண்ணை விட்டுப் போனார். அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் மாணவர் ஊர்வலமாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய கிளர்ச்சியை, நவம்பர் 4 அதிகாலையில் தாக்குதலைத் தொடங்கிய சோவியத் படைகள் நசுக்கின. போராடியவர்கள் தேசியக் கொடியின் நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சிச் சின்னத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். நடுவில் ஓட்டை விழுந்த அந்தக் கொடிதான் பிற்பாடு உலகெங்கும் ஹங்கேரி அகதிகளின் சங்கக் கூடங்களில் தொங்கியது.

வெளியேறியவர்களில் சுமார் 1,80,000 பேர் ஆஸ்திரியாவுக்கும், 20,000 பேர் யூகோஸ்லாவியாவுக்கும் போனார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்களே அதிகம். ஆனாலும் கைக்குழந்தையோடு நடந்த தாய்மாரும், முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆஸ்திரிய கிராமமான அண்டாவுக்கு அருகே எல்லைக் கால்வாயின் மேல் ஒரு சிறிய மரப்பாலம் இருந்தது. பல்லாயிரம் பேர் அதன் வழியே தப்பினார்கள். நவம்பர் 21 அன்று பாலம் தகர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் குளிர்ந்த நீரில் இறங்கியும், சேற்று நிலத்தில் நடந்தும் கரை சேர்ந்தார்கள்.

அப்படிப் போகும்போது எதை எடுத்துக்கொள்வது? பெட்டியோடு போனால் எல்லைக் காவலருக்குச் சந்தேகம் வரும். எழுத்தாளர் ஆகோதா கிறிஸ்டோஃப் அப்போது 21 வயதுப் பெண். கணவரோடும் நான்கு மாதக் குழந்தையோடும் எல்லையைக் கடந்தபோது தன்னிடம் இருந்தவை இரண்டு பைகள் என்று பிற்பாடு எழுதினார். ஒன்றில் குழந்தையின் பால்புட்டியும் துணிகளும், மற்றதில் அகராதிகள். சுவிட்சர்லாந்தில் குடியேறி, கடிகாரத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். இயந்திரத்தின் சீரான ஓசைக்கு ஏற்ப மனதுக்குள் கவிதை கட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். கைகள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனம் எங்கே போகிறது என்பதை அறிய இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது. பின்னல் ஊசி பிடித்த அகதிப் பெண்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

இவர்கள் கைவேலையைப் பிறந்த ஊரிலேயே கற்றிருந்தார்கள். ஹங்கேரியப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாகவே இருந்தது: கிழிசல் தைப்பது, பூவேலை, குரோஷா, பின்னல். கிராமத்து வீடுகளில் விருந்தினருக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வைப்பார்கள். அங்கே அன்றாடம் யாரும் தூங்குவதில்லை. ஆனாலும் கட்டிலின் மேல் பூவேலை செய்த தலையணைகள் உத்தரம் வரை அடுக்கப்பட்டிருக்கும். மணப்பெண்ணின் சீர்வரிசை அது. மெசோகோவெஷ்ட் ஊரைச் சேர்ந்த மட்யோ மக்களின் பூவேலையில் ரோஜாப்பூ நெருக்கமாகப் படர்ந்திருக்கும். துணியின் மேல் வடிவத்தை வரைந்து கொடுப்பதற்கென்றே தேர்ந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் 1876 முதல் 1954 வரை வாழ்ந்த கிஷ்யாங்கோ போரி. தன்யூப் ஆற்றை ஒட்டிய கலோச்சா, மிளகாய்த்தூளுக்கும் பூவேலைக்கும் ஒருசேரப் பெயர்போன ஊர். அங்கே வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தொடங்கிய வேலைப்பாடு, பிற்காலத்தில்தான் பல வண்ணத்துக்கு மாறியது. கிஷ்குன்ஹலாஷ் நகரின் ஊசி லேஸ் 1902இல் உருவானது.

இவற்றின் பக்கத்தில் கம்பளி நூல் பின்னல் சாதாரணமான வேலை. பண்டிகைக்கென்று யாரும் ஸ்வெட்டர் பின்னி வைப்பதில்லை; குளிருக்குப் பின்னுவார்கள். அகதி வாழ்க்கைக்கு அதுதான் பொருந்தி வந்தது. பூவேலைக்கு நல்ல துணி, வண்ண நூல், வெளிச்சம், வரைந்து கொடுக்க ஓர் ஆள் என எத்தனையோ வேண்டும். பின்னலுக்கு இரண்டு ஊசியும் நூலும் போதும். ஊசி இல்லாவிட்டால் சைக்கிள் ஸ்போக்கைத் தேய்த்தே செய்துகொள்ளலாம். முகாமில் பெயர் கூப்பிட்டதும் அப்படியே சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடலாம். ஆஸ்திரியாவின் ட்ரைஸ்கிர்ஹன் முகாமிலும், அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்த கில்மர் முகாமிலும் நாளின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிந்தது: மருத்துவப் பரிசோதனைக்கு, விசாரணைக்கு, எந்த நாடு ஏற்றுக்கொள்ளும் என்ற பதிலுக்கு.

பின்னலாடைக்கு இன்னொரு குணம் உண்டு. நெசவுத் துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து உருவானது; முனையைத் தேடிப் பிடித்து இழுத்தால் முழு ஆடையும் பழையபடி நூலாகிவிடும். பிரித்த நூல் சுருண்டிருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கும். பிறகு கண்டாகச் சுற்றிப் புதிதாகப் பின்னலாம். போரிலும் அதற்குப் பின் வந்த தட்டுப்பாட்டிலும் வளர்ந்த பெண்களுக்கு இது அன்றாடப் பழக்கம். தேய்ந்த முழங்கைப் பகுதியை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் ஸ்வெட்டரை மகனுக்கும், மகனுடையதைக் கைக்குழந்தைக்கும் ஆக்கினார்கள். நன்கொடையாக வந்த பொருந்தாத ஆடைகளையும் இந்த வித்தையே உடம்புக்கு ஏற்றதாக்கியது.

அமெரிக்காவும் கனடாவும் ஒவ்வொன்றும் 35,000க்கும் அதிகமானோரை ஏற்றன. பிரிட்டன் சுமார் 21,000 பேரையும், ஆஸ்திரேலியா சுமார் 14,000 பேரையும் எடுத்துக்கொண்டன. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை 1951 ஜனவரி 1க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கே உரியதாக இருந்தது. கிளர்ச்சியின் வேர் 1940களின் ஆட்சி மாற்றத்தில் இருக்கிறது என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சட்ட வல்லுநர்கள் வாதிட்டதால்தான் ஹங்கேரியர்கள் அதன் பாதுகாப்புக்குள் வந்தார்கள். அந்தக் காலவரம்பை 1967இல் ஒரு கூடுதல் ஒப்பந்தம் நீக்கியது. பிற்காலத்து அகதிகள் அனைவருக்கும் கதவு திறந்த செயல் அது.

புது நாட்டில் முதல் வேலை பெரும்பாலும் தொழிற்சாலையிலோ துப்புரவிலோ கிடைத்தது. மொழி தெரியாத பெண்ணுக்குக் கம்பளி நூல்கடையிலும் சிக்கல் காத்திருந்தது. ஹங்கேரியில் ஊசியின் பருமனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் அப்போது எண் கூடக் கூட ஊசி மெலியும்; அமெரிக்காவிலோ எண் கூடினால் பருமன் கூடும். மூன்றேகால் மில்லிமீட்டர் ஊசிக்கு லண்டனில் எண் 10, நியூயார்க்கில் எண் 3. பின்னல் குறிப்புகள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிறைந்திருந்தன. கட்டம் போட்ட படம் இருந்தால் மட்டும் மொழியின் உதவி தேவைப்படவில்லை. உட்கார்ந்து பின்னும் விதமும் வேறு. ஹங்கேரியப் பெண்கள் நூலை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, வலது ஊசியின் நுனியால் கொத்தி எடுப்பார்கள். ஆங்கிலேயப் பெண்கள் நூலை வலது கையில் பிடித்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியைச் சுற்றி வீசுவார்கள். முடிந்த ஆடையைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வந்தவள் வெளியூர்க்காரி என்பது கையிலேயே தெரிந்துவிடும். பேச்சைத் தொடங்கிவைக்க அதுவே போதுமாயிருந்தது.

வீட்டுக்குள் நாட்காட்டி ஹங்கேரியினுடையதாகவே தொடர்ந்தது. டிசம்பர் 6 அன்று வரும் நிக்கோலஸ் திருநாளுக்கு, முந்தைய மாலையே குழந்தைகள் துடைத்த காலணிகளை ஜன்னலில் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கசகசாவோ வால்நட்டோ அடைத்துச் சுருட்டிய பெய்க்லி தயாரானது. பிறந்தநாளைப் போலவே, நாட்காட்டியில் ஒருவரின் பெயருக்கென்று குறித்த பெயர்நாளும் கொண்டாடப்பட்டது. ஊரில் விட்டு வந்தவர்களுக்குத் தகவல் சொல்வது தொடக்கத்தில் கடினம். பத்திரமாக வந்துவிட்டோம் என்ற செய்தியைச் சங்கேதப் பெயரில் வானொலி வழியாகச் சொன்னவர்கள் உண்டு. அம்மா, அப்பா அதைக் கேட்டார்களா என்பது பல மாதம் கழித்தே தெரியவரும். கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படும் என்ற அச்சத்தில் வானிலையும் குழந்தைகளும் கைவேலையும்தான் எழுதத் துணிந்த செய்திகள்.

அயல்நாட்டுச் சங்கங்களில் ஒரு விசித்திரமும் நிகழ்ந்தது. புடாபெஸ்டில் பிறந்து, கிராமத்து உடையை வாழ்நாளில் உடுத்தாத பெண்கள், கிளீவ்லாந்திலும் டொரொண்டோவிலும் கலோச்சாப் பூக்களைத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பூ எந்த ஊருக்கு உரியது என்ற கறாரான வேறுபாடு அங்கே தளர்ந்தது. எல்லாமே ஹங்கேரி என்ற ஒரே பெயருக்குள் வந்தன. இதைத் தவறென்று சொல்வது நியாயமாகாது. ஊரை இழந்தவர்கள் நாட்டையாவது கையில் பிடித்துக்கொள்ள முயன்றார்கள். பின்னலிலும் மாற்றம் வந்தது. இயந்திரத்தில் துவைக்கக்கூடிய அக்ரிலிக் நூல் மலிவாகக் கிடைத்தபோது, கம்பளியில் பழகிய கைகள் அதற்கும் தங்களைப் பழக்கிக்கொண்டன.

ஹங்கேரி அரசின் 1963 பொதுமன்னிப்புக்குப் பிறகு படிப்படியாகத் தாய்நாட்டுப் பயணம் சாத்தியமானது. வெளியேறியபோது குழந்தையாக இருந்த தம்பிக்குப் பின்னிய ஸ்வெட்டர், வந்து நின்ற வாலிபனுக்குப் பொருந்தாமல் போவது இயல்பே. கிளர்ச்சியின்போது பிரதமராக இருந்து பிற்பாடு தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியின் உடல் 1989 ஜூன் 16 அன்று மரியாதையோடு மறுஅடக்கம் செய்யப்பட்டபோதுதான், 1956 பற்றி நாட்டுக்குள் வாய்விட்டுப் பேச முடிந்தது.

மட்யோ பூவேலை 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இருப்பவையும் பூவேலை விரிப்புகளே. அகதிப் பெண்ணின் அன்றாடத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட பின்னலுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, ஏனெனில் அது உடுத்தித் தேய்ந்து, பிரிந்து, வேறோர் ஆடையாகிவிட்டது. 1956இல் 20 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 90ஐ ஒட்டிய வயது. எத்தனை மில்லிமீட்டர் ஊசி, எத்தனை கண்ணி, நூலைப் பிடித்த விதம், யாரிடம் கற்றது, யாருக்காகப் பின்னியது ஆகியவற்றைப் பாட்டியிடம் கேட்டு எழுதி, ஆடையோடு சேர்த்து வைக்கப் பேரப்பிள்ளைகளால் முடியும். அவர் பின்னும்போது கைகளை மட்டுமாவது படம்பிடித்து வைக்கலாம். இடது விரலில் நூல் ஓடும் விதத்தை எந்தக் குறிப்பும் முழுதாகச் சொல்லிவிடாது.