காப்புரிமை உண்டு, கருவி எங்கே?



திரையில் காட்டப்படும் கனியின் சுவை உங்கள் நாவிலும் தோன்றினால் எப்படி இருக்கும்? பார்வையற்ற பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சையின்றியே காட்சி தெரியுமானால்? ஜப்பானின் சோனி நிறுவனம் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை ஒன்று இத்தகைய வியப்புகளையே பேசுகிறது.

2000 அக்டோபரில் விண்ணப்பிக்கப்பட்டு, 2003 மார்ச்சில் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையின் எண் 6,536,440. செவிக்கு எட்டாத மீயொலி அலைகளை மூளையின் புறணியில் குவித்து, நரம்பணுக்கள் இயங்கும் நேரத்தை மாற்றி, காட்சி, ஒலி, சுவை போன்ற உணர்வுகளை உண்டாக்கலாம் என்பதே அதன் சாரம். 2005இல் 'நியூ சயின்டிஸ்ட்' இதழ் இதனை வெளியிட்டபோது உலகமே வியந்தது. ஆனால் சோனி நிறுவனமோ, இது குறித்துச் சோதனை எதுவும் நடத்தப்படவில்லை. தொழில்நுட்பம் செல்லக்கூடிய திசை பற்றிய ஊகமே இது என்று தெளிவுபடுத்தியது.

செய்து பார்க்காததற்கு உரிமை எவ்வாறு கிடைத்தது என்று நீங்கள் வினவலாம். காப்புரிமை பெறக் கருவியைச் செய்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. கருத்து புதியதாகவும், துறை வல்லுநர் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நிகழாத சோதனையையும் உதாரணமாக எழுதலாம். எனினும் அதனை இறந்த காலத்தில் எழுதக் கூடாது. ஆகவே 'செய்தோம்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் இடையே ஓர் உலகமே இருக்கிறது!

சோதனையில் தேறியவையும் உண்டு. செவிக்குள் பொருத்தப்படும் காக்ளியர் கருவிக்கு 1984இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினர். அம்முறை மனச்சோர்வு சிகிச்சைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2008இல்தான். இடைப்பட்ட 23 ஆண்டுகளும் சோதனைக்கும் சரிபார்ப்பிற்கும் உரியவை.

இதனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய குழந்தைக்கு இளம் வயதில் செய்யப்படும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும். 'அறுவைச் சிகிச்சையில்லாத கருவி வரப்போகிறதாம்' என்று காத்திருந்தால், இழந்த ஆண்டுகள் திரும்பி வரமாட்டா. சோனியின் அந்த விண்ணப்பத்திற்குரிய 20 ஆண்டுக் காலமோ 2020இல் முடிந்துவிட்டது. அதில் வருணிக்கப்பட்ட கருவி கடைக்கு வரவேயில்லை.

எனவே, 'காப்புரிமை பெற்றது' என்று எவரேனும் ஒரு கருவியைப் புகழ்ந்தால், பணப்பையைத் திறக்குமுன் இரு கேள்விகள் கேளுங்கள்: மனிதர்களிடம் சோதித்தார்களா? மருத்துவப் பயன்பாட்டிற்கு அரசு அனுமதித்ததா? விடை கிடைக்கும்வரை உங்கள் மருத்துவரின் சொல்லையே நம்புங்கள்.