கனமான பந்தை அடித்துப் பழகினால் கை பலமாகுமா? சாஃப்ட்பால் பயிற்சியில் ஒரு சின்னக் கணக்கு

விருதுநகர் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். உருண்டையாக, பிடிமானமே இல்லாமல் கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தாக்கள் கதை சொல்வார்கள். சிலம்பம் கற்பவர்களுக்குக் கர்லாக்கட்டை. கனத்தோடு பழகினால் பலம் வரும் என்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை.

அதே நம்பிக்கையோடுதான் சாஃப்ட்பால் பயிற்சியில் எடைப் பந்து வருகிறது. மணல் மாதிரி எதையாவது நிரப்பிய கனமான பந்தை மட்டையால் அடித்துப் பழகுவது. யூடியூபில் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் சிவகாசியிலோ சாத்தூரிலோ ஒரு பள்ளி அணி, மொத்தமே இரண்டு மூன்று மட்டையை வைத்துக்கொண்டு இதை முயற்சி செய்யலாமா?

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். சாஃப்ட்பால் பேரில்தான் சாஃப்ட். பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம் வரை. கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் இடத்துக்கும் மட்டை பிடிப்பவருக்கும் இடையே 13.11 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பந்து வந்தால், முடிவெடுத்து மட்டையைச் சுழற்ற அரை நொடிகூடக் கிடையாது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு டென்னிஸ் பால் கிரிக்கெட்தான் என்றாலும், பள்ளி தேசியப் போட்டிகளில் சாஃப்ட்பால் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் திரும்ப வருகிறது.

அந்த ஒரு மில்லி நொடி

'கனமான பந்தை அடிச்சா, மோதும்போது கையை விடாம முன்னால தள்ளப் பழகும்.' எடைப் பந்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். பந்து பட்டது கைக்குத் தெரிந்து, தசை இறுகுவதற்குள் பந்து எப்போதோ போயிருக்கும். பேஸ்பால் இயற்பியலில் பெயர்பெற்ற இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் நேதன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்: மோதும் கணத்தில் பிடியின் இறுக்கம் பந்தின் வேகத்தை மாற்றுவதில்லை. மோதுவதற்கு முன் மட்டைக்கு எவ்வளவு வேகம் கொடுத்தீர்கள், பந்து மட்டையில் எங்கே பட்டது, இந்த இரண்டும்தான் கணக்கு.

அப்படியானால் எடைப் பந்து வீணா? இல்லை. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டையின் மோதும் பகுதி 600 கிராம் பொருள் மாதிரி நடந்துகொள்கிறது, இரண்டு பந்தும் ஒரே மாதிரி துள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தின் மேல் நிற்கும் 190 கிராம் பந்தை எடுத்துவிட்டு 380 கிராம் பந்தை வைத்தால், பந்து கிளம்பும் வேகம் சுமார் 20 சதவீதம் குறையும். மட்டை வாங்கும் உதையோ சுமார் 60 சதவீதம் கூடும்.

அந்தக் கூடுதல் உதையில்தான் பாடம் இருக்கிறது. மட்டையின் சரியான இடத்தில் பட்டால் பந்து நேராகப் போகும். நுனியிலோ கைப்பிடிக்குப் பக்கத்திலோ பட்டால் மட்டை கையிலேயே முறுகும், மணிக்கட்டு சுளீர் என்னும், பந்து பக்கத்தில் தொப்பென்று விழும். சாதாரணப் பந்து மறைத்துவிடும் தப்பை இது காட்டிக்கொடுத்துவிடும். ஆக, எடைப் பந்து ஜிம் கிடையாது. விடைத்தாள் திருத்தும் வாத்தியார்.

பலத்துக்காகக் கனத்தைக் கூட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டையில் வளையம் மாட்டிச் சுழற்றிவிட்டுக் களமிறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வளையத்தைக் கழற்றியதும் மட்டை பஞ்சு மாதிரி இருக்கும். உண்மையில் சுழற்சி வேகம் குறைந்திருக்கும்! கூப் டிரென் குழுவின் 1992 ஆய்வில், வழக்கமான எடையை ஒட்டிய மட்டைகளோடு உடம்பைச் சூடேற்றியவர்களே வேகமாகச் சுழற்றினார்கள். ரொம்பக் கனம், ரொம்ப லேசு, இரண்டும் எடுபடவில்லை. அது மட்டையைப் பற்றிய ஆய்வு, பந்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் 'கனம் கூடக்கூட நல்லது' என்பவர்கள் அதைக் கொஞ்சம் படிக்கலாம்.

செய்வதென்றால் எப்படி?

எடைப் பந்தை யாரும் வீசக் கூடாது. இடுப்பு உயரக் கம்பத்தில் வைத்து, ஐந்தாறு அடி தள்ளிக் கட்டிய வலைக்குள் அடிக்க வேண்டும். எதிரே ஆள் நிற்கவே கூடாது. அழுத்தினால் அமுங்குகிற, துள்ளாத பந்தாக இருந்தால் மணிக்கட்டு வாங்கும் உதை குறையும். விலை உயர்ந்த காம்போசிட் மட்டை வேண்டாம், விரிசல் விட்டுவிடும். பழைய அலுமினிய மட்டை போதும்.

டென்னிஸ் பந்தைக் கிழித்து மணலை நிரப்பி டேப் ஒட்டும் ஐடியா நம் பசங்களுக்கு உடனே வரும். வேண்டாம். நாலாவது அடியில் தையல் விட்டு மணல் கண்ணில் தெறிக்கும். கல், இரும்புக் குண்டு பற்றிப் பேச்சே வேண்டாம்.

எத்தனை அடி? பத்துப் பதினைந்து போதும் என்பது என் கருத்து. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அதுவும் குறைவாகவே. கை சோர்ந்தபின் அடிப்பது தப்பான சுழற்சியைத்தான் பழக்கும். கடைசியாகச் சாதாரணப் பந்தில் பத்து அடி அடித்துவிட்டு முடிக்க வேண்டும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுபடி கம்பத்துக்கு அனுப்பாதீர்கள்.