அல்பாக்கா வளர்ப்பு: லாபம் யாருக்கு?

பெரு தேசத்தின் தென்பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், உறைபனி அடிக்கடி விழுவதும் உழவுக்குப் பெரும்பாலும் இடங்கொடாததுமான புனோ முதலிய பீடபூமிப் பிரதேசங்களில், புல்லைத் தவிர வேறு செல்வம் அதிகமில்லாத குடிகளுக்கு ஜீவனாதாரமாக நிற்கும் பிராணி அல்பாக்கா. ஒட்டக இனத்தைச் சேர்ந்ததாயினும் இதற்குத் திமில் கிடையாது. பொதி சுமப்பது இதன் உறவான லாமாவின் வேலை, ரோமம் தருவது இதன் வேலை. குளம்புக்குப் பதிலாக மெத்தென்ற பாதம் இருப்பதால் புற்றரை சிதைவதில்லை. மந்தை முழுவதும் குறித்த ஓரிடத்திலேயே சாணமிடும் சுத்தமான வழக்கத்தால், அடுப்பெரிக்க வறட்டி தேடி அலைய வேண்டியதும் இல்லை.

வெண்மை, பழுப்பு, சாம்பல், கருமை எனப் பல இயற்கை வர்ணங்களில், எண்ணெய்ப் பிசுக்கு மிகாமல் கிடைக்கும் இந்த ரோமத்தின் அருமையை, 1836ஆம் ஆண்டு வாக்கில் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கில ஆலைமுதலாளி லிவர்பூல் கிடங்கொன்றில் கேட்பாரற்றுக் கிடந்த மூட்டைகளை வாங்கி, பிராட்போர்டில் பளபளப்பான துணியாக நெய்து பெருஞ்செல்வம் ஈட்டிய பின்னரே ஐரோப்பா நன்குணர்ந்தது.

சினைக்காலம் பதினொரு மாதத்துக்கு மேல். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. இந்த மந்தமான பெருக்கமே ஒரு விபரீதத்துக்கும் காரணமாயிற்று. 1980களில் அல்பாக்காவை இறக்குமதி செய்யத் தொடங்கிய அமெரிக்கர், 1998இல் தங்கள் வம்சப் பதிவேட்டை அந்நிய விலங்குகளுக்கு மூடிவிட, பிராணிகள் அரிதாகி, ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர் வரை விலை ஏறியது. வாங்கியவரோ ரோமத்துக்காக வாங்கவில்லை, குட்டிகளை இன்னொருவருக்கு விற்பதற்காகவே வாங்கினர். 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை ஒட்டி அந்த விலை சரிந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

உலகிலுள்ள அல்பாக்காக்களில் பெரும்பகுதியைக் கொண்ட பெருவில், தொழிலுக்கு ரோமமே அஸ்திவாரம். ஆயினும் அங்கேயும் ஏழை இடையர் பலர், ஊர் ஊராக வரும் தரகரிடம், மெல்லிய ரோமத்தையும் முரட்டு ரோமத்தையும் பிரிக்காமலே ராத்தல் கணக்கில் கொடுத்துவிடுகின்றனர். அரெக்கிப்பா நகரத்து ஆலைகளில், தேர்ந்த பெண்கள் விரல்நுனியால் தடவி நிதானித்து ரகம் பிரிக்கும்போதுதான் அதற்கு உண்மையான மதிப்பு பிறக்கிறது. சாயமேற்ற வெள்ளையே வசதி என்று ஆலைகள் விரும்பியதால், முன்னோர் பேணிய வர்ண மந்தைகளும் அருகிவிட்டன.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்நாடு அல்பாக்கா தினம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், ஆனால் இத்தொழிலை அபிவிருத்தி செய்ய விரும்பும் அரசாங்கம் முதலில் செலவிட வேண்டியது, இடையரே கூட்டாக ரோமத்தை ரகம் பிரித்து, ரகத்துக்கேற்ற விலைக்கு விற்கும் சேகரிப்பு நிலையங்களுக்குத்தான்.